1961-இன் மூன்று கட்டுரைகளும் நம் ரத்தத்தின் வயதும்

சில மாதங்களுக்கு முன் எங்கள் ஆபீஸ் கேன்டீன் வாசலில் ஒரு மேஜை போட்டிருந்தார்கள். ரத்தப் புற்றுநோய், தலசீமியா நோயாளிகளுக்காக ஸ்டெம் செல் கொடையாளர்களைப் பதிவு செய்யும் முகாம். ஊசிகூட இல்லை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்துக் கொடுத்தால் போதும். நானும் வரிசையில் நின்றேன். என் படிவத்தைப் பார்த்த பெண் கொஞ்சம் தயங்கி, "சார், உங்களுக்கு 46 ஆகுது. நாங்க முக்கியமா சின்ன வயசுக்காரங்களைத்தான் தேடுறோம். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

"ரத்த தானம்னா 65 வரைக்கும் வாங்கிக்கிறாங்களே, இதுக்கு மட்டும் ஏன்?" என்று கேட்டேன்.

"டாக்டருங்க அப்படித்தான் கேக்குறாங்க சார்."

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கேள்வி மண்டையில் உட்கார்ந்துவிட்டது. இன்றைக்கு என் உடம்பில் ஓடுகிற சிவப்பணுவின் வயது அதிகபட்சம் நாலு மாதம். அதற்கு மேல் எந்தச் சிவப்பணுவும் வாழாது. நொடிக்கு இருபது லட்சம் வீதம் புதிதாக உற்பத்தியாகிக்கொண்டே இருக்கிறது. இவ்வளவு புத்தம்புதிய சரக்குக்கு எப்படி 46 வயது ஆகும்?

வீட்டுக்கு வந்து தேடியதில் முதலில் கிடைத்தது 2001-இல் வந்த ஓர் ஆய்வு. உறவினர் அல்லாதவரிடமிருந்து மஜ்ஜை பெற்ற ஏறக்குறைய 7,000 நோயாளிகளின் கணக்கு. கொடையாளர் 18 முதல் 30 வயதுக்குள் இருந்தால், ஐந்து ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 33 சதவீதம். கொடையாளர் 31 முதல் 45 என்றால் 29. அதற்கும் மேலே என்றால் 25. அந்தப் பெண் சொன்னது சரிதான். சரக்கு புதுசுதான், ஆனால் தொழிற்சாலை பழசு.

அந்தத் தொழிற்சாலை எப்படிப் பழசாகிறது என்று மனிதர்கள் கண்டுபிடித்த கதைதான் இந்தப் பதிவு. படித்துக்கொண்டு போகும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. கதையின் மூன்று வேர்களும் ஒரே ஆண்டில், மூன்று வெவ்வேறு ஊர்களில் வந்த மூன்று கட்டுரைகளில் இருக்கின்றன. ஆண்டு 1961. மூன்றும் ஒன்று சேர அறுபது ஆண்டுகள் ஆயின.

டொராண்டோ: ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கை

ஹிரோஷிமாவுக்குப் பிறகு உலகத்துக்கு ஒரு பயம் பிடித்தது. கதிர்வீச்சு பட்டவர்களில் பலர் உடனே சாகவில்லை. சில வாரங்கள் கழித்து, ரத்தம் உற்பத்தியாகாமல் செத்தார்கள். 1949-இல் சிகாகோவில் லியோன் ஜேக்கப்சன், எலியின் மண்ணீரலை மட்டும் ஈயத்தகட்டால் மறைத்துவிட்டு உடம்பு முழுக்கக் கதிர்வீச்சு கொடுத்தார். எலி பிழைத்தது. அடுத்து, கதிர்வீச்சு வாங்கிய எலிக்கு வேறொரு எலியின் எலும்பு மஜ்ஜையை ஊசியில் ஏற்றினாலும் பிழைக்கிறது என்று தெரிந்தது. மஜ்ஜைக்குள் ஏதோ இருக்கிறது. என்ன அது?

டொராண்டோவின் ஒன்டாரியோ புற்றுநோய் நிறுவனத்தில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கலக் என்று இருவர். டில் இயற்பியல் படித்தவர், மெக்கலக் மருத்துவர். அவர்கள் தேடியது ஸ்டெம் செல்லை அல்ல. மஜ்ஜை செல்கள் எவ்வளவு கதிர்வீச்சைத் தாங்கும் என்பதை அளக்கத்தான் உட்கார்ந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கலக் ஆய்வகத்துக்கு வந்து, மஜ்ஜை ஏற்றிப் பத்து நாளான எலிகளை அறுத்துப் பார்த்தார். மண்ணீரலில் சின்னச் சின்ன முடிச்சுகள். எண்ணிப் பார்த்தபோது, ஏற்றிய மஜ்ஜை செல்களின் எண்ணிக்கைக்கும் முடிச்சுகளின் எண்ணிக்கைக்கும் நேர்க்கோட்டு உறவு இருந்தது. சுமார் பத்தாயிரம் செல்லுக்கு ஒரு முடிச்சு.

ஒரு முடிச்சு என்பது ஒரே ஒரு செல்லின் சந்ததியா? அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஆண்ட்ரூ பெக்கரோடு சேர்ந்து அதையும் நிரூபித்தார்கள். கதிர்வீச்சால் செல்களின் குரோமோசோமில் விதவிதமான அடையாளத் தழும்புகளை உண்டாக்கி விட்டு, ஒரு முடிச்சில் உள்ள எல்லா செல்லிலும் அதே தழும்பு இருப்பதைக் காட்டினார்கள். தன்னையும் பிரதியெடுத்துக்கொண்டு, வேறு வேறு வகை ரத்த அணுக்களையும் தரக்கூடிய ஒற்றைச் செல் உண்டு. இதுதான் ரத்த ஸ்டெம் செல். தமிழில் குருத்தணு என்கிறார்கள், அழகான சொல். அந்த முடிச்சுகளில் பெரும்பாலானவை உண்மையான ஸ்டெம் செல்லுக்கு ஒரு படி கீழே உள்ள செல்களிலிருந்து வந்தவை என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் "ஒரு செல், ஒரு குடும்பம், எண்ணிப் பார்" என்ற முறை நின்றுவிட்டது.

ஃபிலடெல்ஃபியா: ஐம்பது முறை, அதற்கு மேல் கிடையாது

அதே 1961-இல் ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டார் நிறுவனத்திலிருந்து லியோனார்ட் ஹேஃப்லிக், பால் மூர்ஹெட் இருவரின் கட்டுரை வந்தது. அதுவரை செல்களுக்குச் சாவில்லை என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். அலெக்சிஸ் காரெல் என்ற நோபல் பரிசுக்காரர் 1912-இல் தொடங்கிய கோழி இதயச் செல் வளர்ப்பு பல பத்தாண்டுகள் சாகாமல் வளர்ந்ததாகச் சொல்லப்பட்டதே காரணம். ஹேஃப்லிக் மனிதச் செல்களை வளர்த்துப் பார்த்தார். ஏறக்குறைய ஐம்பது முறை பிரிந்ததும் நின்றுவிட்டன. செல்லுக்குள் ஏதோ ஒரு கவுன்ட்டர் ஓடுகிறது.

அப்படியானால் வாழ்நாள் முழுக்கப் பிரிகிற ரத்த ஸ்டெம் செல்லுக்கும் கவுன்ட்டர் உண்டா? டொராண்டோக்காரர்களே 1964-இல் சோதித்தார்கள். ஒரு எலியின் மஜ்ஜையை இன்னொன்றுக்கு, அதிலிருந்து மூன்றாவதுக்கு என்று மாற்றிக்கொண்டே போனால், முடிச்சு உண்டாக்கும் திறன் குறைந்துகொண்டே வந்தது. ஆக, ஸ்டெம் செல்லும் தேய்கிறது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வகத்தின் டேவிட் ஹாரிசன் இதற்கு நேர்மாறான ஒன்றைக் காட்டினார். பிறவியிலேயே ரத்தசோகை உள்ள ஒரு வகை எலிகளுக்கு, கிழட்டு எலிகளின் மஜ்ஜையை ஏற்றினார். சோகை குணமாயிற்று. அதை எடுத்து அடுத்த எலிக்கு, அதற்கடுத்த எலிக்கு. 1973-இல் அவர் வெளியிட்ட கட்டுரைப்படி, ஒரே மஜ்ஜைப் பரம்பரை 73 மாதங்கள் சிவப்பணு தயாரித்தது. ஆறு ஆண்டுகளுக்கும் மேல். எலியின் ஆயுளே இரண்டு, மூன்று வருடம்தான். சொந்தக்காரன் செத்து எலும்பு மக்கிப் போன பிறகும் மஜ்ஜை வேலை செய்கிறது!

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அப்புறம் எப்படிப் பொருந்தும்? ஹாரிசன் பார்த்தது சிவப்பணு கிடைக்கிறதா என்று மட்டும். கடை திறந்திருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி. உள்ளே என்ன சரக்கு இருக்கிறது, யார் நடத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால் செல்லைத் தனியே பிரித்து எடுக்க வேண்டும். அதற்கு 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆள் கூடுது, வேலை குறையுது

1988-இல் ஸ்டான்ஃபோர்டில் இர்விங் வைஸ்மன் குழு எலியின் ரத்த ஸ்டெம் செல்லை ஏறக்குறையத் தூய்மையாகப் பிரித்தது. செல்லின் மேல்தோலில் உள்ள புரதங்களுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, லேசர் வைத்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கும் இயந்திரம் அதற்குள் வந்திருந்தது. அப்படி எடுத்த 30 செல் போதும், சாக வேண்டிய எலிகளில் பாதி பிழைத்தன.

அதே ஆய்வகத்தில் ஷான் மாரிசனும் மற்றவர்களும் 1996-இல் கிழட்டு எலிகளை எடுத்துக்கொண்டார்கள். முதுமை என்றால் ஸ்டெம் செல் தீர்ந்து போவது என்று எதிர்பார்ப்போம், இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். முடிவு வேறு மாதிரி இருந்தது. கிழட்டு எலியில் ஸ்டெம் செல்கள் ஐந்து மடங்கு அதிகம். ஆனால் புது மஜ்ஜையில் போய் உட்கார்ந்து வேலை தொடங்கும் திறமை இளம் செல்லின் நாலில் ஒரு பங்கு. டீமில் ஆள் அதிகம், வெளியே போகிற வேலை குறைவு. ஐடி கம்பெனியில் இருபது வருடம் இருந்தவனுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

2005-இல் டெரிக் ராசியும் வைஸ்மனும் அடுத்த படியை எடுத்தார்கள். கிழட்டு ஸ்டெம் செல்லை இளம் எலிக்குள் வைத்தாலும் அது கிழட்டுத்தனமாகவே நடந்தது. பழுதின் ஒரு பகுதி சூழலில் இல்லை, செல்லுக்குள்ளேயே இருக்கிறது. எந்த மரபணு ஓடுகிறது, எது அணைந்திருக்கிறது என்று பார்த்தபோது ஒரு சாய்வு தெரிந்தது. நோய் எதிர்ப்பு நினைவைச் சுமக்கிற லிம்ஃபாய்டு பக்கத்து மரபணுக்கள் மங்கியிருந்தன. மைலாய்டு எனப்படும் மறு பக்கத்து மரபணுக்கள் ஓங்கியிருந்தன. ரத்தப் புற்றுநோயோடு தொடர்புடைய சில மரபணுக்களும் அந்த ஓங்கிய பட்டியலில் இருந்தன. குழந்தைகளுக்கு வருகிற ரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் லிம்ஃபாய்டு வகை, வயதானவர்களுக்கு மைலாய்டு வகை அதிகம். வயதானவர்களுக்குத் தடுப்பூசி அவ்வளவாகப் பிடிப்பதில்லை. இவற்றுக்கெல்லாம் ஒரு வேர் இங்கே இருக்கிறது.

உள்ளே என்னதான் கெடுகிறது?

மூலக்கூறு அளவில் ஒரே வில்லன் என்று யாரும் இல்லை. எனக்குப் புரிந்த அளவில் நாலு விஷயம்.

ஒன்று, கவுன்ட்டர். குரோமோசோமின் நுனியில் உள்ள டெலோமியர் ஒவ்வொரு பிரிவிலும் கொஞ்சம் குறைகிறது. ஹேஃப்லிக் கண்ட எல்லைக்கு இதுதான் காரணம். ரத்த ஸ்டெம் செல்லில் அதைச் சரிசெய்யும் டெலோமரேஸ் என்ற நொதி இருக்கிறது, ஆனால் போதவில்லை. தேய்வு மெதுவாகிறதே தவிர நிற்பதில்லை.

இரண்டு, டி.என்.ஏ. சேதம். ஸ்டெம் செல் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும், எப்போதாவதுதான் பிரியும். தூக்கம் பாதுகாப்புதான், ஆனால் விலை உண்டு. தூங்கும் செல்லில் டி.என்.ஏ. இழை அறுந்தால், துல்லியமான பழுதுபார்ப்புக்கு வேண்டிய இன்னொரு பிரதி கையில் இருக்காது. அறுந்த முனைகளை அப்படியே ஒட்டவைக்கும் அவசர வழிதான் மிச்சம். தப்பு நுழைவது அங்கேதான். 2014-இல் எமானுவேல் பாசெகே குழு இன்னொன்றையும் காட்டியது. டி.என்.ஏ. முறுக்கைப் பிரித்துக் கொடுக்கும் எம்.சி.எம். என்ற புரதக் கூட்டம் கிழட்டு ஸ்டெம் செல்களில் குறைந்துவிடுகிறது. அதனால் தூக்கத்திலிருந்து எழுப்பிப் பிரியச் சொன்னால் பிரதியெடுக்கும்போதே திணறுகிறது.

மூன்று, குறிப்புகள். டி.என்.ஏ. எழுத்து மாறாமலே, அதன்மேல் ஒட்டப்படும் மெத்தில் குறிகள் எந்த மரபணு ஓட வேண்டும் என்று முடிவு செய்கின்றன. கோட் அதேதான், கான்ஃபிக் ஃபைல் மாறுகிறது. இந்தக் குறியை ஒட்டுகிற நொதிகளில் ஒன்று டி.என்.எம்.டி.3ஏ. எடுக்க உதவுகிற ஒன்று டெட்2. இந்த இரண்டு பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நான்கு, எனக்கு மிகவும் பிடித்தது. இளம் ஸ்டெம் செல்லுக்குள் சில புரதங்கள் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும், செல்லுக்குத் தலைமாடு கால்மாடு உண்டு. கிழட்டு செல்லில் அவை எங்கும் சிதறிக் கிடக்கும். 2012-இல் ஜெர்மனியின் ஊல்ம் நகரைச் சேர்ந்த ஹார்ட்மட் கைகர், கரோலினா ஃப்ளோரியன் குழு, சி.டி.சி.42 என்ற சின்னப் புரதம் அளவுக்கு மீறி வேலை செய்வதுதான் காரணம் என்று காட்டியது. அதை அடக்கும் காசின் என்ற மருந்தைக் கொடுத்ததும் எலியின் கிழட்டுச் செல்கள் ஒழுங்குக்குத் திரும்பின. நடத்தையும் இளம் செல்லை ஒத்திருந்தது. முதுமையின் எல்லாப் பகுதியும் திரும்பப் பெற முடியாதது இல்லை என்பதற்கு இது ஒரு நல்ல சாட்சி.

ஹார்வெல்: யாருடைய குடும்பம் இது?

மூன்றாவது 1961 கட்டுரைக்கு வருவோம். இங்கிலாந்தின் ஹார்வெல்லில் மேரி லயன் என்ற எலி மரபியலாளர். பெண் பாலூட்டிகளுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம். கருவின் தொடக்கத்திலேயே ஒவ்வொரு செல்லும் அதில் ஒன்றைத் தன்னிச்சையாக அணைத்துவிடுகிறது, அந்தச் செல்லின் சந்ததியெல்லாம் அதே தேர்வைத் தொடர்கிறது என்றார். ஆகவே ஒவ்வொரு பெண்ணின் உடலும் இரண்டு வகைச் செல்களின் கலவை. அம்மாவின் எக்ஸ் ஓடுகிற செல்கள் ஏறக்குறையப் பாதி, அப்பாவினது பாதி.

இதற்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? யோசித்துப் பாருங்கள். பல்லாயிரம் ஸ்டெம் செல்கள் சேர்ந்து ரத்தம் தயாரித்தால் அந்தப் பாதிக்குப் பாதி விகிதம் கடைசிவரை நிற்க வேண்டும். சில ஸ்டெம் செல்கள் மட்டும் கடையைக் கைப்பற்றினால் விகிதம் ஒரு பக்கம் சாயும். மரபணுவை வரிசைப்படுத்திப் படிக்க வசதி இல்லாத காலத்திலேயே, கையில் இருந்த இயற்கையான அடையாளம் இது.

மொன்ட்ரியாலின் லாம்பர்ட் புஸ்க் 1996-இல் இதைப் பச்சைக் குழந்தைகள், முப்பது வயதை ஒட்டியவர்கள், அறுபதைக் கடந்தவர்கள் என்று மூன்று வயதுப் பெண்களிடம் பார்த்தார். வயது ஏற ஏறச் சாய்வு கூடியது. அறுபதைக் கடந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல், ஒரு வகை மற்றதைப் போல மூன்று மடங்காவது இருந்தது. நோய் எதுவும் இல்லாத சாதாரணப் பாட்டிகள் இவர்கள்.

2012-இல் புஸ்க் குழு அப்படிச் சாய்ந்த ரத்தம் உள்ள மூத்த பெண்களின் மரபணுக்களைப் படித்தது. 182 பேரில் 10 பேருக்கு ஒரே மரபணுவில் பிறழ்வு. டெட்2.

2014: நீரிழிவு ஆராய்ச்சியில் கிடைத்த பதில்

அடுத்த திருப்பம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. நீரிழிவு, மனச்சிதைவு நோய் போன்றவற்றின் பரம்பரைக் காரணம் தேடி ஆயிரக்கணக்கானவர்களின் மரபணுவை வரிசைப்படுத்தி வைத்திருந்தார்கள். எல்லாம் ரத்தத்திலிருந்து எடுத்தது. சித்தார்த்த ஜெய்ஸ்வால், பெஞ்சமின் எபர்ட் குழுவும், ஜூலியோ ஜெனொவேசே, ஸ்டீவன் மெக்கரோல் குழுவும் அந்தத் தரவையே வேறு கண்ணோடு பார்த்தார்கள். பிறவியிலேயே இல்லாத, பிறகு ரத்தத்தில் மட்டும் முளைத்த பிறழ்வுகள் யாருக்காவது இருக்கின்றனவா? பழைய லாக் ஃபைலில் புது பக் கண்டுபிடிப்பது மாதிரி.

ஜெய்ஸ்வாலின் 17,182 பேரில், நாற்பதுக்குக் கீழே உள்ளவர்களிடம் அது மிக அரிது. எழுபதுகளில் 9.5 சதவீதம், எண்பதுகளில் 11.7, தொண்ணூறைத் தாண்டியவர்களில் 18.4. அதிகம் அடிபட்ட மரபணுக்களில் முன்னணியில் நின்றவை டி.என்.எம்.டி.3ஏ, டெட்2. ஒட்டுகிறவரும் எடுக்கிறவரும்!

இந்தப் பிறழ்வு ஏன் செல்லுக்கு லாபம்? ஹூஸ்டனில் மார்கரெட் குட்டெல் குழு 2012-இலேயே விடையின் ஒரு பகுதியைக் காட்டியிருந்தது. எலியின் ஸ்டெம் செல்லில் டி.என்.எம்.டி.3ஏ-ஐ நீக்கினால், அது முதிர்ந்த ரத்த அணுவாக மாறுவதைத் தள்ளிப்போட்டுத் தன்னையே பிரதியெடுத்துக்கொண்டிருக்கிறது. பொறுப்பை ஏற்காதவன் வீட்டிலேயே பெருகுகிறான்.

இந்த நிலை நோய் என்று சொல்லக்கூடாது. உள்ளவர்களில் ஆண்டுக்கு நூறில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவானவர்களே ரத்தப் புற்றுநோய்க்குப் போகிறார்கள். ஆனால் ஜெய்ஸ்வால் பட்டியலில் யாரும் எதிர்பாராத ஒன்று இருந்தது. இவர்களுக்கு மாரடைப்பு போன்ற இதய நோய் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2017-இல் பாஸ்டனில் கென்னத் வால்ஷ் குழு எலிகளில் காரணத்தைக் காட்டியது. டெட்2 இல்லாத ஸ்டெம் செல்லிலிருந்து பிறக்கும் மேக்ரோஃபேஜ் அணுக்கள் ரத்தக்குழாய்ச் சுவரில் அழற்சியைத் தூண்டுகின்றன. கொழுப்புப் படிவு வேகமாகிறது. மாரடைப்பின் ஒரு வேர் மஜ்ஜையில் இருக்கலாம் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

115 வயதில் இரண்டு குடும்பம்

ஹென்ட்ரிக்யே வான் ஆண்டல்-ஷிப்பர் என்ற நெதர்லாந்துப் பெண்மணி 1890-இல் குறைமாதத்தில் பிறந்தார். பிழைக்க மாட்டார் என்று நினைத்த குழந்தை. 2005-இல் 115 வயதில், உலகின் மிக மூத்த மனிதராக இறந்தார். 82 வயதிலேயே தன் உடலை ஆராய்ச்சிக்கு எழுதி வைத்திருந்தார்.

2014-இல் ஹென்னே ஹோல்ஸ்டெகே குழு அவருடைய ரத்தத்தைப் படித்தது. பரவலாகக் காணப்பட்ட பிறழ்வுகள் சுமார் 450. அவை எதுவும் நோய் உண்டாக்கியதாகத் தெரியவில்லை. அந்தப் பிறழ்வுகள் பங்கிடப்பட்டிருந்த விதத்தை வைத்துப் பார்த்தால், அவருடைய வெள்ளையணுக்களில் பெரும்பகுதி இரண்டே இரண்டு ஸ்டெம் செல் குடும்பங்களிலிருந்து வந்திருந்தது. வெள்ளையணுவின் டெலோமியர், மூளைச் செல்லினுடையதைவிடப் பதினேழு மடங்கு குட்டை. ஹேஃப்லிக் கவுன்ட்டர் ஏறக்குறையத் தீர்ந்திருந்தது.

மூன்று வேர்களும் சேர்ந்த இடம்

2022-இல் கேம்பிரிட்ஜ் அருகே சாங்கர் நிறுவனத்தின் எமிலி மிட்செல், பீட்டர் கேம்பல் குழு ஒரு வேலை செய்தது. பச்சைக் குழந்தை முதல் 81 வயது வரை பத்துப் பேர். ஒவ்வொருவரின் ஸ்டெம் செல்களையும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு கூட்டமாக வளர்த்து, முழு மரபணுவையும் படித்தார்கள். மொத்தம் 3,579.

ஒவ்வொரு ஸ்டெம் செல்லிலும் ஆண்டுக்குச் சுமார் 17 எழுத்துப் பிழைகள் சேர்கின்றன. பிழை கெட்டது என்று நினைப்போம், ஆனால் இங்கே அதுதான் ஆவணம். இரண்டு செல்லுக்குப் பொதுவான பிழைகள் எத்தனை என்று பார்த்தால் அவை எப்போது பிரிந்தன என்று தெரிந்துவிடும். கிட் வரலாற்றில் எந்த கமிட்டிலிருந்து எந்தக் கிளை பிரிந்தது என்று பார்ப்பது போலத்தான். ஒரு மனிதனின் ரத்தத்துக்கு வம்சாவளி மரம் வரைந்துவிட்டார்கள். தனிச் செல்லைக் கூட்டமாக வளர்ப்பது டொராண்டோ. பிழையை அடையாளமாக வைத்துக் குடும்பம் தேடுவது ஹார்வெல்லின் எண்ணம். அதே செல்களில் டெலோமியர் ஆண்டுக்கு எத்தனை எழுத்து தேய்கிறது என்றும் அளந்தார்கள், சுமார் 30. அது ஃபிலடெல்ஃபியா.

65 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் மரம் சீப்பு மாதிரி இருந்தது. 20,000 முதல் 2,00,000 வரை ஸ்டெம் செல்கள் பங்கு போட்டு ரத்தம் தயாரித்தன, யாருக்கும் பெரிய பங்கு இல்லை. 75-க்கு மேலே மரம் திடீரென்று மாறியது. பன்னிரண்டு முதல் பதினெட்டு வரையான குடும்பங்கள் ரத்தத்தில் 30 முதல் 60 சதவீதத்தைக் கைப்பற்றியிருந்தன.

தேய்மானம் சீராக நடக்கிறது, ஆண்டுக்கு 17, ஆண்டுக்கு 30. மாற்றம் மட்டும் ஏன் திடீரென்று வருகிறது? நான் ஒரு விரிதாளில் போட்டுப் பார்த்தேன். லட்சம் ஸ்டெம் செல்லில் ஒன்றுக்கு 20 வயதில் ஒரு சாதகமான பிறழ்வு வருகிறது, அதன் குடும்பம் ஆண்டுக்கு 20 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது என் உத்தேசக் கணக்குதான். ஐம்பது வயதில் அதன் பங்கு கால் சதவீதம்கூட எட்டாது, எந்தச் சாதாரணச் சோதனையிலும் தெரியாது. அறுபதில் ஒன்றரை சதவீதம். எழுபதில் எட்டு. எண்பதில் 36. கூட்டு வட்டிக்கு இதுதான் குணம். கடன் வாங்கியது எப்போதோ, கதவைத் தட்டுவது கடைசியில்.

அந்தக் கட்டுரையில் நான் இரண்டு முறை திரும்பப் படித்த வரி இதுதான் சொன்னது. முதியவர்களின் ரத்தத்தில் பெருகியிருந்த குடும்பங்களில் பெரும்பாலானவை, அவர்களுக்கு நாற்பது வயது ஆகும் முன்பே பெருகத் தொடங்கியவை.

எனக்கு 46. என் ஒவ்வொரு ரத்த ஸ்டெம் செல்லிலும் சுமாராக 780 பிழைகள் இருக்க வேண்டும். எண்பதாவது வயதில் என் ரத்தத்தை யார் நடத்துவார்கள் என்ற போட்டியில் ஜெயிக்கப்போகிறவர் பெரும்பாலும் ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருப்பார். எந்தச் செல் என்று தெரியாது. முதுமை என்பது அறுபதுக்கு மேலே வந்து சேருகிற விருந்தாளி என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன்.

இனி?

2024-இல் வைஸ்மன் பங்கேற்ற ஒரு குழு, கிழட்டு எலிகளில் மைலாய்டு பக்கம் சாய்ந்த ஸ்டெம் செல்களை மட்டும் குறிவைத்து அழிக்கும் எதிர்ப்புப் புரதத்தைக் கொடுத்தது. லிம்ஃபாய்டு பக்கம் மீண்டது, தொற்றை எதிர்க்கும் திறனும் கூடியது. 1988-இல் செல்லைப் பொறுக்கியெடுத்த அதே அறிவின் நீட்சி இது. ஆனால் எலியில் நடந்ததுதான். இளமை திரும்பும் ஸ்டெம் செல் ஊசி என்று வருகிற விளம்பரங்களுக்கும் மேலே சொன்ன எந்த ஆராய்ச்சிக்கும் சம்பந்தம் கிடையாது. தயவுசெய்து பணத்தை அதில் போடாதீர்கள். புகைபிடிப்பவர்களுக்கு இந்தப் பிறழ்ந்த குடும்பங்கள் அதிகம் காணப்படுகின்றன என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அந்த ஒன்று நம் கையில் இருக்கிறது.

கொடையாளர் மேஜைக்குத் திரும்புவோம். அந்தப் பெண் கேட்டது என் ரத்தத்தை அல்ல. இன்னொருவருக்குள் போய் இன்னும் ஐம்பது வருடம் ஓட வேண்டிய தொழிற்சாலையை. அதற்கு 46 கொஞ்சம் லேட். அன்று கோபம் வந்தது உண்மை, இப்போது இல்லை.

போன வாரம் அக்கா பையன் வீட்டுக்கு வந்தான். 21 வயசு. இந்தக் கதையெல்லாம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "மாமா, அந்தப் பஞ்சுக்குச்சி எங்க கிடைக்கும்?" என்றான். இரண்டு நாளில் பதிவு செய்துவிட்டான். உங்கள் வீட்டில் அந்த வயதில் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அவர்களுடைய மரம் இப்போதும் சீப்பு மாதிரிதான் இருக்கும்.